பம்ப்ஹவுஸிலிருந்து ஒரு டிக்கெட்

ஜூன் 3

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரிப்பதை அடுத்த பத்திக்குத் தள்ளிவிட்டேன். முதலில் பிள்ளைகள் சாதித்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். என் மகன் வயிற்றுப் பேரன் பல் டாக்டர் படிப்பில் முதல் வருஷம் தேறிவிட்டான். வீட்டுக்கு யார் வந்தாலும் "ஆ காட்டுங்க" என்கிறான். அவன் தங்கை பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் முதல். அந்தக் கோப்பையில்தான் இப்போது உப்பு போட்டு வைத்திருக்கிறோம். அங்கே உங்களோடு இருக்கும் கடைக்குட்டி கணக்கில் நூற்றுக்கு நூறு என்று என் மகள் சொன்னாள். அது உங்கள் ரத்தம், ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே நம் வாலு. உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் மூத்தவள், நம் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்து. அவள் எங்கள் டவுன் பஸ் டிப்போவில் பரீட்சை எழுதி, வண்டி ஓட்டிக் காட்டி, டிரைவர் வேலை வாங்கிவிட்டாள். ஒரு வருஷம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம். இந்த டிப்போவில் ஸ்டியரிங் பிடிக்கிற முதல் பெண் அவள்தான்.

இப்போது நலம். என் முழங்கால் புது மருமகளைக் கண்ட மாமியார் மாதிரி முனகிக்கொண்டே இருக்கிறது. உங்கள் சர்க்கரையும் உங்கள் பஸ் கம்பெனி டிரைவர்களும் கட்டுக்குள் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நாம் போனில் பேசினால் சண்டை வருகிறது என்று பிள்ளைகள் நம்மைக் கடிதம் எழுதச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. இதில் யோசித்து சண்டை போடலாம். வாலு காக்கிச் சட்டையில் நிற்கும் போட்டோவை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உங்கள் கூடத்துச் சுவரில் உங்கள் பஸ்கள் எல்லாம் வரிசையாக மாட்டியிருக்கின்றனவே, அதன் பக்கத்தில் இதையும் மாட்டுங்கள்.

அன்புடன்,
டவுன் பாட்டி

ஜூன் 20

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் சுகம். சர்க்கரை இருக்கிற இடத்தில் இருக்கிறது. டிரைவர்கள்தான் இருக்கிற இடத்தில் இருப்பதில்லை.

பல் டாக்டருக்கு என் ஆசி. என் கடைவாய்ப் பல்லை அவனுக்காகவே வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். ஓட்டக்காரிக்கும் ஆசி. கோப்பையிலிருந்து உப்பை எடுத்துவிடுங்கள், உள்ளே துரு பிடிக்கும்.

பேத்தி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு வலி வரும். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை கொடுத்து அனுப்புங்கள்.

சுவரில் ஆணி அடிக்கிறவன் ஊருக்குப் போயிருக்கிறான். என் மகன் வேலை விஷயமாக அடிக்கடி உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பஸ் பாட்டி

ஜூலை 8

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் உடம்பு நலமாக இருக்கட்டும். என் உடம்புக்குக் கோபம் வந்து, முழங்கால் வலியே மறந்துவிட்டது.

மாப்பிள்ளை போன வாரம் வந்தார். நீங்கள் சொன்னபடி சாப்பிட வைத்தேன். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் எதற்கு வந்தார் என்று வாயைத் திறக்கவில்லை. இன்று காலை கடைத்தெருவில் நிற்கிறேன், புது மஞ்சள் பஸ் ஒன்று வருகிறது. அதன் நெற்றியில் உங்கள் கம்பெனிப் பெயர்.

விசாரித்தேன். நகராட்சி டவுன் பஸ்களையெல்லாம் தனியாருக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். ஊர்க்கோடித் தண்ணீர் பம்ப்ஹவுஸ்வரை போகும் ரூட்டில் நகராட்சியின் பச்சை வண்டியும் உங்கள் மஞ்சள் வண்டியும் அக்டோபர் கடைசிவரை போட்டி போட்டு ஓட வேண்டுமாம். அப்புறம் கூட்டம் வைத்து முடிவு. பச்சை வண்டியை ஓட்டுவது யார்? நம் வாலு. மஞ்சள் வண்டியை அனுப்பியது யார்? அவளைப் பெற்ற அப்பா.

தனியாருக்குப் போனால் தற்காலிகக்காரர்களை முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். இவள் ஏன் இங்கே வந்தாள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் ஷெட்டில் அவள் ஸ்டியரிங்கைத் தொட்டபோது மாப்பிள்ளை என்ன சொன்னார்? "முதலாளி பொண்ணு வண்டி ஓட்டினா நாளைக்கு எந்த டிரைவர் எனக்கு மரியாதை குடுப்பான்?" அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவள். இங்கே யார் பெண் என்று கேட்காமல் பரீட்சை வைத்துச் சீட்டைக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டும் இப்போது அப்பா கைக்கே போகப்போகிறது.

இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

டவுன் பாட்டி

ஜூலை 19

சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே சுகம். உங்கள் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் கணவர் போனபோது எனக்கு இருந்தது ஒரு பழைய வண்டியும் கைக்குழந்தையும். யாரும் எனக்கு வரிப் பணத்தில் டீசல் போடவில்லை. ஜனங்கள் ஏறினால்தான் அடுப்பு எரியும். அதனால் சீட்டைத் துடைத்து வைத்தேன், "வாங்க, உக்காருங்க" என்று சொல்லக் கண்டக்டர்களைப் பழக்கினேன், கை காட்டின இடத்தில் நிறுத்தினேன். உங்கள் பச்சை வண்டி என்ன செய்கிறது? ஸ்டாப்பில் நிற்கிறவர்களைத் தாண்டிப் போய் நின்று, ஓடி வரச் சொல்கிறது. சீட்டுக் கிழிசலில் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் முகத்தைப் பார்க்க முடியாது. ஏறினாலும் சம்பளம், ஏறாவிட்டாலும் சம்பளம் என்றால் எவனுக்கு அக்கறை வரும்? நீங்களே நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பேத்திக்கு இங்கே ஆபீஸில் நாற்காலி காத்திருக்கிறது. சுழலும் நாற்காலி. யாரும் அவளைத் தெருவில் விடப்போவதில்லை.

தலையணை கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

பஸ் பாட்டி

ஆகஸ்ட் 5

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நலம், நலமே எழுதுங்கள். தலையணை கொடுத்தாயிற்று. "யார் சொன்னது?" என்று கேட்டாள். நீங்கள் என்றேன். வாங்கிக்கொண்டு போனாள். இப்போது அது இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை.

போட்டி நிலவரம் சொல்கிறேன். உங்கள் மஞ்சள் வண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிற மாதிரி முன்னே உருள்கிறது, மறுபடி பின்னே வருகிறது. நிரம்பினால்தான் நகருமாம். மீசை என்று எல்லோரும் கூப்பிடும் உங்கள் கண்டக்டர், இலவசப் பாஸ் வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டால் வானத்தைப் பார்க்கிறான். நேரமாகி மணியடித்ததும் நம் வாலு வண்டியை எடுத்துவிடுகிறாள். வண்டியில் ஈ இருந்தாலும் சரி, எறும்பு இருந்தாலும் சரி.

எங்கள் தெருப் பெண்கள் எல்லோரிடமும் பேசிவிட்டேன். "பச்சை வண்டியில ஏறுங்கடி, இல்லேன்னா நாளைக்குக் கெஞ்சினாலும் வராது" என்றேன். நானே உதாரணம். மஞ்சள் வண்டியில் என் செருப்புகூட ஏறாது. சம்பந்தி வீட்டு வண்டியாயிற்றே என்று நீங்கள் வருத்தப்படக் கூடாது. கொள்கை வேறு, உறவு வேறு.

ஆணி அடிக்கிறவன் ஊரிலிருந்து வந்துவிட்டானா?

டவுன் பாட்டி

ஆகஸ்ட் 14

சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம்.

மீசை நேற்று ஷெட்டுக்கு வந்திருந்தான். உங்கள் தெருவிலிருந்து ஒரு அம்மா தினமும் மார்க்கெட்டுக்கு மஞ்சள் வண்டியில்தான் போகிறார்களாம். வாசலிலேயே கை காட்டினால் நிறுத்துகிறானே, அதனால். முன் சீட்டு, ஜன்னல் ஓரம். "மெத்தை நல்லா இருக்குப்பா" என்று தட்டிக்கூடப் பார்த்தார்களாம். இறங்கும்போது, "என் பேத்தி கேட்டா நான் நடந்து வந்தேன்னு சொல்லு" என்று அவனிடம் சத்தியம் வாங்கினார்களாம்.

முழங்காலை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் செருப்பையும்.

பஸ் பாட்டி

செப்டம்பர் 20

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே மழை. பதில் எழுதத் தாமதமானதற்கு மழைதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

மீசையின் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொண்டேன். சரி. முழங்கால் வலி உள்ளவள் வாசலில் நிற்கிற வண்டியில்தான் ஏறுவாள். இதை வாலுவிடம் நானே சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள். "எனக்கு முதல் நாளே தெரியும் பாட்டி. உங்க வண்டிக்குப் பின்னாடிதான் நான் வந்துட்டு இருந்தேன்" என்றாள். அப்புறம் யோசித்தாள். மறுநாள் டிப்போ மேனேஜரிடம் போய், "என் பாட்டியே என் வண்டியில ஏறலேன்னா குத்தம் பாட்டி மேல இல்ல சார்" என்றாளாம். மார்க்கெட்டைத் தாண்டினால் கை காட்டின இடத்தில் நிறுத்த அனுமதி வாங்கிவிட்டாள். சீட்டையும் தைத்தாயிற்று. இது உங்களிடமிருந்து கற்றது, மறைக்க மாட்டேன். இப்போது நான் பச்சையில்தான் போகிறேன். நம்பாவிட்டால் மீசையைக் கேளுங்கள். மஞ்சளில் என் ஜன்னல் சீட்டு காலியாகவே போகிறது என்று வருத்தப்படுவான்.

ஒரு நாள் நீங்களே வந்து பாருங்களேன். அவள் ஓட்டுவதை நீங்கள் இன்னும் பார்த்ததில்லை. கூட்டம் அக்டோபர் கடைசியில். மாப்பிள்ளை டவுன் பஸ்கள் எல்லாவற்றையும் தன் கம்பெனிக்கு எடுத்துக்கொள்ள எழுதிக் கொடுத்துவிட்டாராம், உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று டிப்போவில் பேசிக்கொள்கிறார்கள்.

டவுன் பாட்டி

அக்டோபர் 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் என் மகளிடம் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கோபம் என்றால் நீங்களே எழுதுங்கள். உங்கள் கோபம் இல்லாமல் தபால்காரன் சைக்கிள் மணிக்கு ருசியே இல்லை.

இங்கே ஒரு விஷயமும் இல்லை. மழை மட்டும் விடவில்லை. போன வாரம் ஒரு நாள் வாலு வேலை முடிந்து ஈரக் குடை ஒன்றோடு வந்தாள். யாரோ வண்டியில் விட்டுவிட்டுப் போனதாம். பார்த்தால் உங்கள் கம்பெனிப் பெயர் போட்ட குடை. "மஞ்சள் வண்டிக்காரங்க குடை நமக்கு எதுக்கு? மீசைகிட்ட குடுத்துடு" என்றேன். "வேண்டாம். அவங்களே வந்து கேப்பாங்க" என்று விரித்துக் காய வைத்துவிட்டு, மடித்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்று சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்தாள். என்னடி என்றால் சொல்லவில்லை. குடைக்கு யார் அலமாரிப் பூட்டு போடுவார்கள்? வயசுப் பெண், ஏதாவது பையன் விஷயமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

டவுன் பாட்டி

அக்டோபர் 18

சம்பந்தி அம்மாவுக்கு,

பையன் விஷயம் இல்லை. குடை என்னுடையது.

நீங்கள் வந்து பாருங்கள் என்று எழுதினீர்கள், வந்தேன். மகனிடம் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். மஞ்சள் வண்டியில் ஏறிக் கடைசி ஸ்டாப் பம்ப்ஹவுஸ்வரை போனேன். அங்கே இறங்கி, பேத்தி வண்டியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்த மஞ்சளில் திரும்பிவிடலாம் என்று எண்ணம். அவள் கண்ணில் படக் கூடாது என்றுதான் குடை.

பெரிய மழை பிடித்துக்கொண்டது. ஸ்டாப்பில் நான் ஒருத்திதான். என் வண்டி வரவில்லை. மீசை பாலத்திலேயே டிரிப்பைக் கட் பண்ணித் திருப்பிவிட்டான் என்று அப்புறம் தெரிந்தது. அவன்மேல் தப்பில்லை. சம்பளம் இல்லை, வசூலுக்குத் தகுந்த பேட்டாதான் என்று சட்டம் போட்டவள் நான்தான். ஆளில்லாத மழையில் அவன் ஏன் வருவான்? அவனைப் போலவே நானும் பல வருஷம் வண்டிகளைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்கு நின்றது நான்.

பச்சை வண்டி வந்தது. உள்ளே கண்டக்டரைத் தவிர யாரும் இல்லை. ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது. ஸ்டாப்பைத் தாண்டாமல், என் காலடியில் படி வருகிற மாதிரி நிறுத்தினாள். குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு டிக்கெட் வாங்கினேன். அந்தப் பெரிய வண்டி எனக்காக மட்டும் ஓடியது.

பாலத்து வளைவு வந்தது. அந்த மாதிரி இடத்தில் எங்கள் பழைய டிரைவர்களே பிரேக்கை மிதித்துப் பயணிகளை எழுப்பிவிடுவார்கள். இவள் கியரைக் குறைத்து, வண்டியைத் தன் போக்கில் இறங்கவிட்டாள். என் கணவர் அப்படித்தான் ஓட்டுவார். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் அது இவளுக்கு எப்படி வந்தது?

ஸ்டாண்டில் மழை நின்றிருந்தது. முன்பக்கமாக இறங்கும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "பாட்டி, படி ஈரமா இருக்கு. பாத்து" என்றாள். அவ்வளவுதான். வளைவிலிருந்தே கண்ணாடியில் பார்த்துவிட்டிருக்கிறாள். குடையை மறந்து இறங்கிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வராமல் போனதற்கு மன்னிக்கவும். வந்திருந்தால் நீங்கள் என் முகத்தைப் பார்த்தே ஜெயித்திருப்பீர்கள்.

கூட்டத்துக்கு மகனோடு வருகிறேன். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. நீங்களும் ஒன்றும் கேட்காதீர்கள்.

பஸ் பாட்டி

நவம்பர் 2

அன்புள்ள, அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

என் வாசல் வழியாகவே பஸ்ஸில் போய்விட்டு உள்ளே வராமல் போனதற்கு வாழ்நாள் முழுக்கச் சண்டை போடுவதாக இருந்தேன். நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். கூட்டத்தில் பேசி முடித்ததும் "வீட்டுக்குப் போக நேரமாச்சு" என்று மறுபடியும் ஓடிவிட்டீர்கள். அது தனிக் கணக்கு.

அன்று நீங்கள் நகராட்சித் தலைவர் மேசையைப் பார்த்து நின்றீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. கடைசி வரிசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். சொல்கிறேன்.

தலைவர் கேட்டார்: "ஒரே ஒரு ஆள் இருந்தாலும், மழையோ வெயிலோ, பம்ப்ஹவுஸ் டிரிப் ஓடணும். சம்மதமா?" மாப்பிள்ளை எழுந்து, "பாத்துக்கலாம் சார்" என்றார். அந்தப் "பாத்துக்கலாம்" எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஒழுகுகிற கூரைக்குச் சொல்கிற பதில் அது. என் பக்கத்தில் வாலு காக்கிச் சட்டையில் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் கடித்தது, அப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது நீங்கள் எழுந்தீர்கள். "ஓடாது" என்றீர்கள். "நான் கடை நடத்துறவ. ஒரு ஆளுக்கு வண்டி விட்டா என் கடை மூடிடும். விடுவேன்னு பொய் சொல்லிக் கையெழுத்துப் போட என்னால முடியாது. லாபம் வர்ற ரூட்டுக்குக் கூப்பிடுங்க, உங்க டிப்போவைவிட நல்லா ஓட்டிக் காட்டறேன். ஆனா மழையில தனியா நிக்கிற ஒருத்திக்கு வண்டி விடுறது கடைக்காரி வேலை இல்ல. அது ஊர் செய்ய வேண்டிய வேலை. ஊர் அதை நல்லாவே செய்யுது. நான் ஏறிப் பாத்துட்டேன்."

யார் ஓட்டினது என்று தலைவர் கேட்டார். நீங்கள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, "அதோ, என் பேத்தி" என்றீர்கள்.

சம்பந்தி அம்மா, அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? விரல் நேராக அவள்மேல் நின்றது. கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் நகத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மீசைதான் முதலில் கைதட்டினான். அப்புறம் மழை கூரையில் விழுகிற மாதிரி ஒரே கைதட்டல். எங்கள் தெருப் பெண்கள் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்கள். நானும் ஏறினேன். முழங்காலைக் கேட்கவே இல்லை.

நீங்கள் போன பிறகு முடிவைப் படித்தார்கள். பஸ்கள் ஊரிடமே இருக்கும். பள்ளிக்கூடப் பாஸ் இருக்கும். கை காட்டினால் நிறுத்துவது எல்லா ரூட்டிலும் வரும். தற்காலிகக்காரர்களை நிரந்தரமாக்க உத்தரவு. வாலுவின் பெயரைப் படித்தபோது நான் ஊருக்கே கேட்கிற மாதிரி "இங்கதான் இருக்கா" என்றேன்.

இன்னொன்று. மாப்பிள்ளை உங்களைக் கார் ஏற்றிவிட்டு, தான் மட்டும் தங்கினார் அல்லவா? மறுநாள் பச்சை வண்டியில் ஏறி, சீட் இருந்தும் உட்காராமல், அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பம்ப்ஹவுஸ்வரை நின்றபடியே போனார். கடைசி ஸ்டாப் வந்ததும், "கிளச் ரொம்ப டைட்டா இருக்கே, கால் வலிக்கலையா?" என்றார். "பழகிடுச்சுப்பா" என்றாள். "நம்ம மெக்கானிக்கை அனுப்பறேன்" என்றார். "டிப்போல மெக்கானிக் இருக்கார்பா." "இருக்கட்டும். நானும் அனுப்பறேன்." அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் கம்பெனியிலும் இனிமேல் கண்டக்டர்களுக்குப் பேட்டா இல்லை, நிலையான சம்பளம் என்று மீசை இங்கே வந்து பெருமை அடித்துவிட்டுப் போனான். அவன் இனிமேல் வானத்தைப் பார்க்க மாட்டானாம்.

குடையைக் கேட்டேன். தர மறுக்கிறாள். "அவங்களே வந்து வாங்கிக்கட்டும். நம்ம வீட்டு வாசல்ல" என்கிறாள். ஆகையால் வர வேண்டியது உங்கள் பொறுப்பு. உங்களை ஸ்டாண்டிலிருந்து என் வாசல்வரை கொண்டுவர வண்டி இருக்கிறது. கை காட்டுங்கள், நிற்கும்.

கடைசியாக ஒன்று. என் மகள் போனில் சொன்னாள். ஆணி அடித்தாயிற்றாமே. ஆணி அடிக்கிறவன் வரவில்லை, நீங்களே ஸ்டூல் போட்டு ஏறிச் சுத்தியலால் அடித்தீர்கள் என்றும் சொன்னாள். உங்கள் முதல் வண்டியின் படத்தை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, நட்ட நடுவில் காக்கிச் சட்டையாமே. நான் நம்ப மாட்டேன். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன். அந்தச் சுவரைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து உடனே தபாலில் போடுங்கள். பக்கத்தில் நீங்களும் நிற்க வேண்டும். என்னிடம் இருக்கும் கல்யாணப் போட்டோவில் நீங்கள் என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். இதிலாவது சிரியுங்கள்.

உங்கள் பேத்தியின் இன்னொரு பாட்டி